தேர்வுச் சீட்டும் சாட்சியமும்

1988ஆம் ஆண்டுக் கோடையின் தொடக்கத்தில், சோவியத் நாட்டுப் பள்ளிகளில் இறுதித் தேர்வுக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்த மாணவ மாணவியர் ஒரு விந்தையான செய்தியைக் கேட்டனர். அவ்வாண்டு வரலாற்றுப் பாடத்திற்குத் தேர்வு இல்லை. வினாக்கள் முன்கூட்டியே வெளியாகிவிட்டதனால் அன்று. நோய் பரவியதனாலும் அன்று. பாடநூலில் அச்சிட்டிருப்பது உண்மையல்ல என்பதை அரசினரே உணர்ந்து, அதனை ஒப்பிக்கச் சொல்லிப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் இடுவது முறையாகாது என்ற முடிவுக்கு வந்தனர். அரசின் நாளேடான 'இஸ்வெஸ்தியா'வே, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் ஏமாற்றப்பட்டதைக் கடிந்து எழுதிற்று.

தேர்வு இல்லை என்றால் மகிழாத மாணவன் உலகில் எங்குமிலன். எனினும் அந்த மகிழ்ச்சி அடங்கிய பின்னர், அவர்களில் சிந்திக்கத் தெரிந்த ஒருவனேனும் தனக்குள் இவ்வாறு கேட்டிருக்க வேண்டும் அன்றோ: 'இத்தனை ஆண்டுகளாக நான் ஒப்பித்தவை யாவை? அவற்றை ஒப்பித்தபோது நானும் பொய்யனானேனா?' இந்த வினாவைத்தான் இங்கு நாம் எடுத்துக்கொள்கிறோம். இது ருஷிய மாணவனின் வினா மட்டுமன்று என்பது போகப்போக விளங்கும்.

அந்நாட்டுத் தேர்வு முறையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். நம் பிள்ளைகளைப் போல் தாளில் பக்கம் பக்கமாக எழுதுவது அங்கு முதன்மையன்று. மேசைமீது சீட்டுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். மாணவன் ஒரு சீட்டை எடுப்பான். அதிலுள்ள வினாக்களுக்குச் சற்று நேரம் ஆயத்தம் செய்துகொண்டு, ஆசிரியர் குழுவின் முன் நின்று வாயால் விடை சொல்வான். ஆகவே வரலாற்றுத் தேர்வு என்பது ஒருவகையில் சாட்சிக் கூண்டில் ஏறுவதுதான். 'ஸ்டாலின் எத்தகைய ஆட்சியாளர்?' என்று சீட்டு கேட்கிறது. பதினேழு வயதுப் பிள்ளை பெரியோர் மூவரின் கண்களைப் பார்த்தபடி விடை சொல்ல வேண்டும்.

அந்த விடையோ நிலையாக நின்றதில்லை. 1938இல் ஸ்டாலினின் மேற்பார்வையில் வெளிவந்த கட்சி வரலாற்றுச் சுருக்கம் 4 கோடிப் படிகளுக்கு மேல் அச்சாயிற்று. அக்காலத்தில் படித்தவருக்கு வரலாறு என்றால் அந்த ஒரு நூலே. 1953 மார்ச் 5ஆம் நாள் ஸ்டாலின் மறைந்தார். 1956 பிப்ரவரி 25ஆம் நாள், கட்சியின் இருபதாம் பேராயத்தில், கதவடைத்த கூடத்தில், குருஷேவ் அவருடைய கொடுமைகளை எடுத்துரைத்தார். 1961இல் ஸ்டாலினின் உடல் லெனின் சமாதியிலிருந்து அகற்றப்பட்டது. ஸ்டாலின்கிராடு வோல்கோகிராடு ஆயிற்று. 1964 அக்டோபரில் குருஷேவே பதவியிலிருந்து இறக்கப்பட்டார். அதன்பின் அவர் பெயரை அச்சில் காண்பதே அரிதாயிற்று; பத்தாண்டுக் காலம் ஒரு வல்லரசை யாரும் ஆளவே இல்லை போலும்! பிரெஷ்னேவ் 18 ஆண்டுகள் ஆண்டார். போர்க்கால நினைவுகளை எழுதியமைக்காக இலக்கியத்திற்கான லெனின் பரிசையும் பெற்றார். 1982இல் அவர் மறைந்ததும், தாத்தாரியர் நாட்டின் நபெரெஷ்னியே செல்னி என்னும் நகருக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1988இல் அப்பெயர் நீக்கப்பட்டது. அந்திரோபோவ், செர்னென்கோ இருவரும் வந்த விரைவிலேயே மறைந்தனர். 1985 மார்ச்சில் கோர்பசேவ் வந்தார்.

பாடநூல் எழுதுவோர் மட்டும் இப்படி அழித்தெழுதினர் என்று எண்ண வேண்டா. வாசகனின் கையிலும் கத்தி கொடுக்கப்பட்டது. உள்துறையை ஆட்டிவைத்த பெரியா 1953இல் கைதாகிக் கொல்லப்பட்டதும், சோவியத் பெருங்கலைக்களஞ்சியத்தின் சந்தாதாரர்களுக்கு அஞ்சலில் சில தாள்கள் வந்தன. பெரியாவைப் பற்றிய பக்கங்களைக் கத்தரிக்கோலாலோ சவரக் கத்தியாலோ வெட்டியெடுத்துவிட்டு, பெரிங் கடல் முதலியவற்றைப் பற்றிய இந்தத் தாள்களை ஒட்டிக்கொள்க என்பது உடன் வந்த அறிவுரை. மனிதன் இருந்த இடத்தில் கடல் புகுந்தது.

அலெக்சாந்தர் ரோட்சென்கோ என்ற புகழ்பெற்ற கலைஞர், உஸ்பெக் நாட்டின் பத்தாண்டு வளர்ச்சியைக் காட்டும் படநூல் ஒன்றை 1934இல் வடிவமைத்தார். பைசுல்லா கோஜாயேவ், அக்மல் இக்ராமோவ் முதலிய உஸ்பெக் தலைவர்களின் படங்கள் அதில் இருந்தன. 1938 மார்ச்சில் அவ்விருவரும் மாஸ்கோவில் சுட்டுக்கொல்லப்பட்டனர். துரோகிகளாக்கப்பட்டவர்களின் முகங்களை, தம் வீட்டிலிருந்த தம் சொந்தப் படியிலேயே, ரோட்சென்கோ மைபூசி அழித்தார். தாம் செதுக்கியதைத் தாமே கறுப்பாக்கிய அந்தக் கை எத்துணை நடுங்கியிருக்கும்!

இங்கே ஓர் இடைச்செருகல். 'சோவியத் நாடு' என்ற வண்ண இதழ் நம் ஊர்களுக்கும் மலிந்த விலையில் வந்துகொண்டிருந்தது. அதன் வழவழப்பான தாள் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போட மிகவும் உகந்தது. நம்மில் பலருடைய வரலாற்றுப் பாடநூலின் மேல், கோதுமை வயலில் சிரித்து நிற்கும் உழவர் பெண்ணின் படம் இருந்தது. உள்ளே நம் அரசர்களின் பொற்காலங்கள். வெளியே அவர்களுடைய பொற்காலம். இரண்டையும் நாம் ஐயுறாமல்தான் சுமந்து சென்றோம்.

ருஷிய ஆட்சியாளரின் வரலாற்றைப் படிக்கும் முஸ்லிம் வாசகருக்கு இவற்றினும் நெருங்கிய சான்று ஒன்று உண்டு. அது இமாம் ஷாமிலின் கதை. காக்கசு மலைநாட்டில், 1834 முதல் 25 ஆண்டுகள் ஜார் மன்னரின் படைகளை எதிர்த்து நின்றவர் அவர். 1859இல் குனிப் என்னும் மலையூரில் சரணடைந்தார். இரண்டாம் அலெக்சாந்தர் அவரை மதிப்புடன் நடத்திக் கலூகா நகரில் குடியமர்த்தினார். பின்னர் ஹஜ்ஜுக்குச் செல்ல இசைவு பெற்ற இமாம், 1871இல் மதீனமாநகரில் வபாத்தானார்.

இவரைப் பற்றிச் சோவியத் மாணவன் சொல்ல வேண்டிய விடை யாது? புரட்சிக்குப் பிந்திய முதல் இருபது ஆண்டுகளில், ஜாரின் அடிமைத்தளையை எதிர்த்த விடுதலை வீரர் என்று சொன்னால் அது சரியான விடை. 1950இல் அதே விடை குற்றமாயிற்று. ஷாமில் பிற்போக்காளர், துருக்கிக்கும் ஆங்கிலேயருக்கும் கையாள் என்று கட்சி தீர்ப்பு மாற்றியது. அசர்பைஜானைச் சேர்ந்த ஹைதர் ஹுசைனோவ் என்ற அறிஞர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தம் நாட்டில் தழைத்த சிந்தனைகளைப் பற்றி எழுதிய நூலுக்கு அவ்வாண்டுதான் ஸ்டாலின் பரிசு வழங்கப்பட்டிருந்தது. ஷாமிலைப் புகழ்ந்த குற்றத்திற்காகச் சில வாரங்களில் அப்பரிசு பறிக்கப்பட்டது. அவரை முன்னின்று தாக்கியவர் அசர்பைஜான் கட்சித் தலைவர் பாகிரோவ். 1950 ஆகஸ்டில் ஹுசைனோவ் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். ஆறாண்டுகளுக்குப் பின், பாகிரோவும் தம் குற்றங்களுக்காகச் சுட்டுக்கொல்லப்பட்டார். ஷாமில் மீண்டும் ஓரளவு நல்லவரானார். இடையில் இமாம் ஏதும் செய்துவிடவில்லை. அவர் மதீனாவின் மண்ணில் அடங்கி 80 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இப்பொழுது நம் வினாவுக்கு வருவோம். சீட்டை எடுத்த பிள்ளை பொய்யனா?

இல்லை என்று சொல்லவே நம் உள்ளம் விழைகிறது. பிள்ளைக்கு வேறு நூல் இல்லை. உண்மை இன்னதென்று அறியான். அறியாமல் சொல்வது பொய்யாகாது. அறிந்திருந்தாலும், சொன்னால் அவன் கல்வி போகும். தந்தையின் வேலை போகும். ஒரு காலத்தில் உயிரும் போயிருக்கும். நிர்ப்பந்தத்திற்கு ஆளானவனுக்கு நம் மார்க்கச் சட்டமும் சலுகை தருகிறது. இத்துணையும் மெய்யே. எனினும் இந்தச் சலுகை எத்துணைத் தொலைவு செல்லும்? பாடநூல் ஆசிரியரும் இதையே சொல்வார்: 'நான் எழுதாவிடில் என் பிள்ளைகள் பட்டினி கிடப்பர்.' அச்சுக் கோப்பவர் சொல்வார். வகுப்பாசிரியர் சொல்வார். இறுதியில் பொய் மட்டும் நிற்கும். அதைச் சொன்னவர் எவரும் இரார். கோடிக்கணக்கானோர் வாயால் சொல்லப்பட்ட ஒன்று எவர் வாயிலும் பிறக்கவில்லை என்று முடியும் கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது.

நம் முன்னோர் இந்த இடரை வேறு வகையில் எதிர்கொண்டனர். ஹதீஸ் கலை வல்லுநர்கள் செய்தியைக் கேட்டதும் அது இனிக்கிறதா கசக்கிறதா என்று பார்க்கவில்லை. யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார் என்று கேட்டனர். அறிவிப்பாளர் வரிசையில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் குறித்து வைத்தனர். வரலாற்றுக்கு இது மட்டும் போதாது என்று கண்டவர் இப்னு கல்தூன். 1377இல் எழுதி முடித்த முகத்திமாவில், வரலாற்றில் பொய் நுழையும் வழிகளை அவர் எண்ணிக் காட்டுகிறார். தன் கட்சிப் பற்று ஒரு வழி. அறிவித்தவரைக் கண்மூடி நம்புதல் ஒரு வழி. ஆட்சியாளரைப் புகழ்ந்து அவர் அருகில் இடம் பெறும் ஆசை மற்றொரு வழி. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் அவர் வரைந்த இந்தப் பட்டியலைச் சோவியத் பாடநூலின் முகப்பில் அச்சிட்டிருந்தால் ஒரு சொல்லும் மாற்ற வேண்டியிருந்திராது.

இந்த மரபிலிருந்து மாணவன் எடுத்துக்கொள்ளத்தக்கது சிறியது ஒன்றுண்டு. 'ஷாமில் துரோகி' என்பது ஒரு கூற்று. 'ஷாமில் துரோகி என்று நம் பாடநூல் கூறுகிறது' என்பது வேறொரு கூற்று. முன்னது தீர்ப்பு, பின்னது அறிவிப்பு. பின்னதில் பொய் இல்லை. தேர்வாளர் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்ணைத்தான் இடுவார்; வேறுபாட்டைக் கவனிக்கவும் மாட்டார். ஆனால் சொல்பவன் உள்ளத்தில் ஒரு கதவு திறந்தே இருக்கும். 'இது தப்பித்தல் அன்றோ?' என்று கேட்பாருண்டு. தப்பித்தல்தான், வீரமன்று. ஹுசைனோவின் இடத்தில் நின்றவருக்கு இந்த உபாயம் உதவியிராது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். வீரம் இல்லாத நேரத்திலும் மனிதன் இழக்காமல் வைத்துக்கொள்ளக்கூடியது ஏதேனும் உண்டா என்பதே இங்கு நாம் தேடுவது.

வீரத்துடன் சொல்லப்பட்ட உண்மையிலும் பொத்தல் இருக்கும் என்பதற்குக் குருஷேவின் உரையே சான்று. 1944 பிப்ரவரி 23ஆம் நாள் தொடங்கிச் செச்சென், இங்குஷ் மக்கள் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் சரக்கு வண்டிகளில் ஏற்றப்பட்டுக் கஜகஸ்தானுக்கும் கிர்கிசியாவுக்கும் அனுப்பப்பட்டனர். அதே ஆண்டு மே 18ஆம் நாள் தொடங்கி, கிரிமியத் தாத்தாரியர் 1,80,000க்கும் மேற்பட்டோர் தம் தாயகத்திலிருந்து பெரும்பாலும் உஸ்பெகிஸ்தானுக்குத் துரத்தப்பட்டனர். முதியவர், கைக்குழந்தைகள், போர்முனையிலிருந்த வீரர்களின் மனைவியர் என்ற வேறுபாடு இல்லை. வழியிலும், போய்ச் சேர்ந்த இடத்தில் பசியாலும் நோயாலும் மாண்டவர் ஏராளம். 1956இல் குருஷேவ் இக்கொடுமையைக் கண்டித்தபோது செச்சென், இங்குஷ், கராச்சாய், பல்கார், கல்மிக் மக்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். கிரிமியத் தாத்தாரியரைக் குறிப்பிடவில்லை. 1957இல் செச்சென் மக்களின் குடியரசு மீட்டளிக்கப்பட்டது. அவர்கள் வீடு திரும்பினர். உரையில் பெயர் விடுபட்டவர்களோ பெருந்திரளாகத் திரும்புவதற்கு 1980களின் இறுதி வரை காத்திருந்தனர். அந்த உரையை நிகழ்த்துவதற்குத் துணிவு வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு பெயரைச் சொல்லாமல் விட்டமை, ஒரு சமூகத்திற்கு முப்பதாண்டுகளுக்கு மேற்பட்ட நாடற்ற வாழ்வோடு சேர்ந்தே நின்றது. அவ்வுரையும் சோவியத் மண்ணில் முழுமையாக அச்சேறியது 1989இல்தான்.

இதைப் படிக்கையில் நம் நெஞ்சு கொதிக்கிறது. அவ்வாறு கொதிக்கும் வேளையில்தான் நாம் நம்மையும் சோதிக்க வேண்டும். ஷாமிலை நாம் எவ்வாறு நினைவுகூர்கிறோம்? மலைமீது வாளேந்தி நிற்கும் இமாமாக மட்டும். அவருடைய ஆட்சி தம் சொந்த மலைமக்கள்மீதும் கடுமையாக நடந்தது. அபராதமும் பிணைக்கைதியும் மரண தண்டனையும் அதன் கருவிகளாயிருந்தன. அவருடைய நாயிபுகளுள் பெயர்பெற்ற ஹாஜி முராத் பகைகொண்டு 1851இல் எதிரியிடமே போய்ச் சேர்ந்தார். இறுதி நாள்களில் பலர் அவரைக் கைவிட்டனர். கலூகாவில் 1866இல் அவர் ஜாருக்கு விசுவாசப் பிரமாணமும் செய்தார். அவர் மக்களில் ஒருவர் துருக்கியப் படையில் தளபதியாகி ருஷியாவை எதிர்த்துப் போரிட்டார்; மற்றொருவர் ருஷியப் படையில் தளபதியானார். இவற்றைச் சொல்வதால் இமாமின் தியாகம் சிறுத்துவிடுமா? சிறுத்துவிடும் என்று அஞ்சி மறைக்கிறோம் என்றால், நாமும் சவரக் கத்தியைக் கையில் எடுத்தவர்களே ஆவோம். வெட்டும் பக்கம் வேறு, கத்தி ஒன்றுதான்.

ஆட்சியாளரை எடைபோடுவதில் மாணவருக்கு வரும் மயக்கமும் ஈண்டு நினைக்கத்தக்கது. 'இரண்டாம் அலெக்சாந்தர் நல்லவரா, கெட்டவரா?' 1861இல் பண்ணையடிமைகளை விடுவித்தவர் அவர். அவருடைய ஆட்சியில்தான், 1864ஐ ஒட்டிய ஆண்டுகளில், சர்க்காசிய முஸ்லிம்கள் பல இலட்சம் பேர் கருங்கடற் கரையிலிருந்து உதுமானிய நாட்டுக்கு விரட்டப்பட்டனர். லெனினுடைய அரசு 1917 டிசம்பரில், ருஷிய முஸ்லிம்களின் நம்பிக்கையும் வழக்கமும் இனி எவராலும் தீண்டப்படா என்று அறிவித்தது. கலீபா உதுமான் அவர்களுடையது என்று போற்றப்படும் பழந்திருக்குர்ஆன் படியைப் பெத்ரோகிராடிலிருந்து முஸ்லிம்களிடம் திருப்பிக் கொடுத்தது. பத்தாண்டுகள் கழித்துப் பள்ளிவாசல்கள் மூடப்படலாயின. அரபு எழுத்து லத்தீன் எழுத்தாகவும், அதுவும் சில ஆண்டுகளில் ருஷிய எழுத்தாகவும் மாற்றப்பட, பாட்டனார் வைத்துவிட்டுப் போன நூலைப் பேரன் படிக்க இயலாதவனானான்.

தேர்வு முறை நன்மை ஐந்து, தீமை நான்கு என்று எழுதச் சொல்கிறது; கழித்தால் நன்மை ஒன்று மீதம்! வணிகக் கணக்கில் இது செல்லும். மனித உயிர்க் கணக்கில் செல்லுமா? பண்ணையடிமைக்குக் கிடைத்த விடுதலை, சர்க்காசியத் தாய் கடற்கரையில் புதைத்த குழந்தைக்கு எப்படி ஈடாகும்? இருவரும் வேறு வேறு மனிதர்கள். ஹுகூகுல் இபாத் என்று நம் உலமாக்கள் சொல்வர்: அடியார்க்கு இழைத்த தீங்கை, இழைக்கப்பட்டவரே மன்னிக்க வேண்டும். வேறு எவருக்கோ செய்த உபகாரம் அதை அழிப்பதில்லை. 1999 டிசம்பர் 31ஆம் நாள் பதவி விலகிய போரிஸ் எல்த்சின், நிறைவேறாத நம்பிக்கைகளுக்காகத் தொலைக்காட்சியில் மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். ருஷிய ஆட்சியாளரிடம் இது அரிய நிகழ்ச்சி. ஆனால் 1994இல் அவர் படையனுப்பிய செச்னியாவில் மாண்டுபோனவர்களின் சார்பில் அந்த மன்னிப்பை வழங்க யாருக்கு உரிமை உண்டு? வரலாற்றாசிரியனுக்கு இல்லை, பாடநூலுக்கும் இல்லை. ஆகவே நல்லவரா கெட்டவரா என்று ஒற்றைச் சொல்லில் கேட்கும் சீட்டு, மாணவனுக்கு இல்லாத அதிகாரத்தைப் பயன்படுத்தச் சொல்கிறது. யாருக்கு என்ன செய்தார் என்று கேட்டால் அவனால் விடை சொல்ல முடியும்.

'பிள்ளைகளிடம் இத்தனை ஐயங்களை எழுப்பினால் அவர்கள் எதையும் நம்பாதவர் ஆகிவிடுவர்' என்பது பெரியோர் சிலரின் அச்சம். இதனை நாம் எளிதாகத் தள்ளிவிட மாட்டோம். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்த பின் ருஷியாவில் அது நிகழவும் செய்தது. கடைகளில் பலவகைப் பாடநூல்கள் வந்தன. ஒன்றில் வீரன், மற்றொன்றில் கொலைஞன். 1918இல் எகத்தெரின்பர்கில் குடும்பத்தோடு சுட்டுக்கொல்லப்பட்ட ஜார் நிக்கலாஸ், பழைய நூல்களில் இரத்தக்கறை படிந்தவர். 2000இல் ருஷியத் திருச்சபையின் புனிதர். ஆசிரியர்கள் திகைத்தனர், பெற்றோர் சலித்தனர். பணம் மதிப்பிழந்து, ஓய்வூதியம் வாராமல் அல்லல்பட்ட காலம் அது. 'யாராவது ஒருவர் ஒரே கதையாகச் சொல்லித் தொலைத்தால் போதும்' என்ற களைப்பு மக்களிடையே தோன்றியதில் வியப்பில்லை.

ஒரே கதையும் வந்தது. ஸ்டாலின் காலக் கொடுமைகளின் ஆவணங்களைத் திரட்டி வந்த 'மெமோரியல்' என்ற அமைப்பைக் கலைக்க 2021 டிசம்பரில் ருஷிய உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் பொதுவான வரலாற்று நூல் மேல்வகுப்புகளுக்கு வந்தது. அதனை எழுதியோருள் ஒருவரான மெதின்ஸ்கி, அதிபர் புதினின் உதவியாளர். 2022இல் தொடங்கிய உக்ரைன் போரும், அரசு அதனை விளக்கும் அதே சொற்களில், 11ஆம் வகுப்பு நூலில் இடம்பெற்றது. 10ஆம் வகுப்பு நூலில் 1944ஆம் ஆண்டு நாடுகடத்தலைப் பற்றி எழுதியிருந்த முறை, அம்மக்கள் பகைவருக்குத் துணைபோனதே காரணம் என்பதுபோல் தொனித்தது. செச்னியாவிலிருந்து கண்டனம் எழுந்தது. அரசுக்கு மிக நெருங்கிய செச்சென் தலைவர்களே அதை எழுப்பினர் என்பதைக் குறிப்பிட வேண்டும். பகுதி திருத்தி எழுதப்பட்டது. அச்சிட்ட நூல் ஒன்று வலிமை குறைந்தோர் சொல்லுக்கு வளைந்ததா, வலிமை மிக்கோர் சொல்லுக்கு வளைந்ததா என்பதை நம் வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும். கிரிமியத் தாத்தாரியருக்கு அத்தகைய தலைவர் எவரும் மாஸ்கோவில் இல்லை.

1988இல் சீட்டெடுக்கக் காத்திருந்து, தேர்வில்லை என்று வீடு திரும்பிய பதினேழு வயதுப் பிள்ளைக்கு இன்று ஐம்பது வயது கடந்திருக்கும். அவருடைய பிள்ளையோ பேரப்பிள்ளையோ இப்புதிய நூலைக் கொண்டுவந்து மடியில் வைத்து, 'நாளை தேர்வு. இதில் உள்ளது சரிதானா?' என்று கேட்கக்கூடும். வீட்டில் ஒருகால் பழைய நூலும் பரண்மீது கிடக்கும். அவர் அதை எடுத்து இதனருகே விரித்து வைப்பாரா, அல்லது பிள்ளையின் மதிப்பெண்ணை எண்ணிப் பேசாதிருப்பாரா?